அவரைக் கேளுங்க

எங்கள் கம்பெனியில் சம்பளமும் வாங்கிக்கொண்டு, வாய் நிறைய ‘தெரியாது’ என்று சொன்ன ஒரே ஆள் மேடம்தான். மற்ற நாங்கள் எல்லோரும் தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுகிற கம்பெனி எங்களுடையது. சமையல் கேஸை நீள நீளமான டேங்கர் லாரிகளில் நிரப்பி மங்களூர் லைன், பம்பாய் லைன் என்று நாடு முழுக்கக் கொண்டுபோகிற தொழில். நான் ஆபீஸில் இருக்கிறேன். எந்த வண்டி எந்த லைனில் போகிறது, யார் ஓட்டுகிறார், யாருக்கு லீவு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் என் மேசைக்கு வராமல் போகாது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் டிரைவர். மோகனூரில் வீடு. மனுஷன் தங்கம்தான், ஆனால் வாயில் பூட்டு. ட்ரிப் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ரோட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ‘ஒன்னுமில்ல புள்ள’ என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட பதில் அந்த ‘ஒன்னுமில்ல’ ஒன்றுதான். பின்னால் அத்தனை கேஸை இழுத்துக்கொண்டு போகிற மனுஷனுக்கு ஒன்றுமேவா நடக்காது?

மேடம் வந்தது டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க. அவருக்கு முன்னால் ஒரு சார் வந்துகொண்டிருந்தார். படம் காட்டுகிற மெஷினைப் போட்டு, லைட்டை அணைத்துவிட்டு, மதியம் வரைக்கும் பேசுவார். வண்டியை ஓட்டிக் களைத்து வந்தவர்களை இருட்டில் உட்கார வைத்தால் என்ன செய்வார்கள்? குறட்டை என் மேசை வரைக்கும் கேட்கும். கடைசியில் எழுப்பிவிட்டுக் கையெழுத்து வாங்குவோம். எல்லோருக்கும் பயிற்சி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மேடம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டிய வயது. காட்டன் சேலை, மெல்லிய சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை, தோளில் சந்தைக்குப் போகிறவர் மாதிரி ஒரு துணிப்பை. வந்த அன்றைக்கே ஹாலில் முன்னால் கிடந்த பெரிய மேசையையும் அதன் பின்னால் இருந்த நாற்காலியையும் வெளியே எடுத்துப் போடச் சொன்னார்.

“அப்ப நீங்க எங்கீங்க உக்காருவீங்க?” என்றேன்.

“எங்க எடம் இருக்கோ அங்க,” என்றார்.

வரிசையாக இருந்த நாற்காலிகளைக் கலைத்து, வட்ட வட்டமாகப் போட்டார். ஒரே லைனில் ஓடுகிறவர்கள் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது என்றார். யாரை யாரோடு போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நானும் என் ஞானத்தையெல்லாம் காட்டி, “இந்த ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க மேடம், தூரத் தூரமாப் போட்டுடலாமுங்க,” என்றேன். “அப்படியா, அப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல போடுங்க,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரி, அடிதடி ஆனால் மேடமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீயிலும் அப்படித்தான். டீ கேன் ஒரு மூலையில், டம்ளர் எதிர் மூலையில், வடை ஜன்னலோரம். “ஏனுங்க இப்புடி அலைய உடறீங்க?” என்று டீக்காரர் புலம்பினார். டம்ளர் எடுக்கப் போனவர் அங்கே நிற்பவரிடம் ரெண்டு வார்த்தை, வடைக்குப் போன இடத்தில் வேறொருவரிடம் நாலு வார்த்தை என்று டீ நேரம் நீண்டுகொண்டே போகும். மேடம் மணியைப் பார்க்கவே மாட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடந்துகொண்டிருப்பார். அவர் டீ ஆறிப்போய் ஏடு படிந்திருக்கும்.

முதல் நாள் வகுப்பில் பம்பாய் லைன் டிரைவர் ஒருவர் எழுந்து நின்றார். மேடத்தைச் சோதித்துப் பார்க்கிற எண்ணம் முகத்திலேயே தெரிந்தது.

“மேடம், டேங்கு ரொம்பியிருந்தா ஒழுங்கா வர்ற வண்டி, பாதியா இருந்தா வளைவுல ஏனுங்க இழுக்குது?”

“எனக்குத் தெரியாதுங்க அண்ணா. நான் லாரி ஓட்டினதில்லை,” என்றார் மேடம். ஹாலில் ஒரு சிரிப்பலை. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வந்து பார்வை நின்றது.

“அவரைக் கேளுங்க.”

சிரிப்பு நின்றுபோனது. அவர் மேச்சேரிக்காரர். அதற்கு முந்தின வருஷம் வளைவில் வண்டி சாய்ந்து, உயிர் பிழைத்து வந்தவர். எங்கள் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லோடு வண்டி கிளம்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துவார்கள். கேஸ் வண்டிக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்த முடியாது. அதனால் கற்பூரத்தைக் கேட்டுக்கு வெளியே இருக்கிற முனியப்பனுக்குக் காட்டிவிட்டு, வண்டிக்கு எலுமிச்சை மட்டும். வண்டி சாய்ந்ததிலிருந்து மேச்சேரிக்காரர் கையால் யாரும் பழம் வாங்குவதில்லை. அவர் வருகிறார் என்றால், ராசி என்று வாயால் சொல்லாமல், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவரும் அதைப் பழகிக்கொண்டு, எங்கே போனாலும் சுவரோரமாகவே உட்காருவார்.

“நான் என்னத்தைங்க சொல்றது,” என்று அவர் முனகினார். மேடம் துணிப்பையிலிருந்து பாதி தண்ணீர் இருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டார். பிறகு ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி கையைத் திருப்பினார். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி மோதியது.

“பாருங்க. நம்ம திருப்பறது ஒரு திருப்பு. உள்ள இருக்கறது ஓடி வந்து மோதறது இன்னொரு திருப்பு. அது மோதற நேரத்துல நம்ம பயந்து பிரேக்க மிதிச்சமுன்னா, முடிஞ்சுது. வளைவுக்குள்ள போயி வேகத்தைக் கொறைக்கக் கூடாதுங்க. போறதுக்கு முன்னாலயே கொறைச்சிருக்கோணும். நான் உள்ள போயித்தான் மிதிச்சேன்.”

யாரும் குறட்டை விடவில்லை. அவரைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்து வந்தன. அது எந்த வளைவு, எந்த கியரில் போனீர்கள், வண்டி சாயும்போது முதலில் என்ன தெரிந்தது என்று கேள்வி மேல் கேள்வி. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மறுநாள் காலையில் லோடுக்குக் கிளம்பிய பம்பாய் லைன்காரர், எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நேராக மேச்சேரிக்காரரிடம் போனார். “நீங்களே வெச்சு உடுங்கண்ணா,” என்றார். மேச்சேரிக்காரர் குனிந்து பழத்தை வைத்துவிட்டு நிமிரவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஜன்னலில் நின்று நானும் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் டிரைவர்கள் மேடத்துக்கு வைத்த பெயர் என்னவோ ‘தெரியாதம்மா’ தான். என்ன கேட்டாலும் ‘எனக்குத் தெரியாதுங்க’, ஒரு கழுத்துத் திருப்பல், ‘அவரைக் கேளுங்க’. ஒரு சாம்பல் புதனன்றைக்குக் கோவிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு வந்தார். “மேடம் நம்ம சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று ஒருவர் கேட்டார். தன் நெற்றியைப் பற்றிய கேள்விக்காவது பதில் சொல்வார் என்று பார்த்தால், கழுத்து திரும்பியது. கடைசி வட்டத்தில் ஜெபமாலை போட்டிருந்த சேலத்து டிரைவரிடம் போய் நின்றது. அவர் எழுந்து, “நாமளும் ஒரு நாள் சாம்பலாத்தான் போகப் போறோமுன்னு மறக்காம இருக்கறதுக்குங்க,” என்றார். “அதுக்கு எதுக்குங்க நெத்தியில பூசோணும்? எங்களுக்குத்தான் பொறத்தாலயே டேங்கு வருதே!” என்று ஒரு குரல். ஹாலே அதிர்ந்தது. அன்றைக்கு மேடம் சிரித்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் ஹாலின் பின்னால் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, மேடத்தை என் மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கேட்டார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. எதைக் கேட்டாலும் தெரியாதுங்கறீங்க. டீ குடிக்கறதுலயே பாதி நாள் போகுது. இப்பப் போன்லயே வீடியோ வந்துடுச்சுங்க. பாத்து, கடைசியில பட்டனை அமுக்கினாச் சர்டிபிகேட் வந்துடுதாமா. பொறகு எதுக்குங்க இந்த ஹாலும் வட்டமும்?”

“கொஞ்ச நாள் பொறுங்க சார்,” என்றார் மேடம்.

“தீவாளி வரைக்கும் பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி. அவர் சொன்னால் சொன்னதுதான். ஆயுத பூஜைக்கே சாமான் வாங்கத் தொடங்கியிருந்த சமயம் அது.

அந்த வாரமே கேஸ் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். டேங்கின் அழுத்தம், வால்வு, காற்றில் எவ்வளவு கேஸ் கலந்தால் தீப்பிடிக்கும் என்று மேடத்தை இங்கிலீஷில் குடைந்தார். மேடம் இம்மி பிசகாமல், அவர் கேட்ட வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பதில் சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு வாய் மூட மறந்துவிட்டது. கெமிக்கல் என்ஜினியரிங் படித்தவராம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

“இத்தனையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏனுங்க மேடம் தெரியாது தெரியாதுங்கறீங்க? இப்ப முதலாளி சீட்டைக் கிழிக்கறேங்கறாரு.”

“நான் சொன்னா, மேடம் சொன்னாங்கன்னு ஹால்லயே விட்டுட்டுப் போயிடுவாங்க. மேச்சேரி அண்ணன் சொன்னா, அவரு வண்டிக்குள்ளயே கூட வருவாரு,” என்றார். பிறகு என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, “அது என்ன, கொள்ளுப் பருப்பா?” என்றார். பேச்சு அங்கே முடிந்தது.

சும்மா வாய்க்கு வந்தபடி ஆளைக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் விடிகிற நேரத்துக்கே ஆபீஸுக்கு வர வேண்டியிருந்தது. வண்டிகள் நிற்கிற யார்டில், கழற்றிப் போட்ட டயர் மேல் மேடம் உட்கார்ந்திருந்தார். எதிரே சேந்தமங்கலத்து டிரைவர் நின்றுகொண்டு எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பு நாளில் எல்லாம் மேடம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, யார்டில் ஒவ்வொரு வண்டியாக நின்று பேசிவிட்டுத்தான் ஹாலுக்கு வருவாராம். வாட்ச்மேன் சொன்னார். யாருக்கு எது தெரியும், யார் எதில் அடிபட்டவர் என்று தெரிந்துகொண்டுதான் அந்தக் கழுத்து திரும்பியிருக்கிறது. பதில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் அவர் ஒரு நாளும் ‘தெரியாது’ சொன்னதில்லை.

அன்றைக்குச் சேந்தமங்கலத்துக்காரர் அவரிடம் சொன்னதை வகுப்பிலும் சொன்னார். எப்போதோ ஒரு டீக்கடை எதிரில் அவர் வண்டியில் கேஸ் கசிந்திருக்கிறது. இவர் இறங்கி ரோட்டில் போகிற ஜனங்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“காத்து அந்தப் பக்கம் அடிச்சதால தப்பிச்சனுங்க. இந்தப் பக்கம் அடிச்சிருந்தா இப்ப இங்க நிக்க மாட்டேன். மொதல்ல அடுப்பு. கூட்டத்தை அப்புறமேட்டுக்குப் பாத்துக்கலாம். இன்னொன்னுங்க. எறங்கறதுக்கு முன்னால போனை ஆஃப் பண்ணிப்போடோணும். நம்ம பண்ணாட்டியும் ஊட்லருந்து கூப்புடுவாங்கல்ல?”

என் வீட்டுக்காரர் அந்த வகுப்பில் இருந்தார். வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை. “அவரு ஊட்லயே பேச மாட்டாருங்க, ஹாலுக்கு வந்தா பேசுவாரு?” என்று மேடத்திடம் நொந்துகொண்டேன். “பேச வேண்டாங்க. அவரு கேக்கறதைப் பாருங்க,” என்றார். பார்த்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சேந்தமங்கலத்துக்காரர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்றைக்கும் வகுப்பு நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். வெளியூர்க்காரர் ஒருவர், பதற்றமான குரல். “உங்க வண்டிங்க. பின்னால கார் ஒன்னு வந்து இடிச்சிடுச்சு. கேஸ் புஸ்சுனு வருதுங்க. டேங்குல இந்த நம்பர் எழுதியிருந்துச்சு, டிரைவர்தான் தூரமாப் போயிக் கூப்பிடச் சொன்னாரு.” வண்டி நம்பரைச் சொன்னார்.

எந்த வண்டியில் யார் போகிறார் என்று நான்தானே போட்டேன். அந்த நம்பரை நான் எதிலும் தேட வேண்டியிருக்கவில்லை.

முதலாளிக்குச் சொன்னேன். தீயணைப்புக்கும் கேஸ் கம்பெனி மீட்பு வண்டிக்கும் தகவல் போனது. என் கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. எல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே குரல். எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மேடம் வகுப்பை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவருக்கு ஒன்னும் ஆகாதில்லீங்க மேடம்?” என்றேன்.

எல்லோரும் சொல்கிற மாதிரி ‘ஒன்னும் ஆகாதுங்க’ என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “தெரியலைங்க,” என்றார். அந்த ஒரு முறை அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் கழுத்து திரும்பியது. ஹால் வாசலில் கூடி நின்ற டிரைவர்களைப் பார்த்து, “சேந்தமங்கலத்து அண்ணா, இங்க வாங்க. இப்ப அங்க என்ன நடந்துட்டிருக்கும்னு இவங்களுக்குச் சொல்லுங்க,” என்றார்.

அவர் என் எதிரில் தரையில் குந்தினார்.

“அம்மிணி, போன் ஆஃப்ல இருக்குதுங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப நல்லதுதானுங்க. அவரே ஆஃப் பண்ணியிருக்காரு. வெடிச்சிருந்தா இந்நேரம் அந்தாளு போன் பண்ணிச் சொல்லியிருப்பாரா? நம்ம நம்பரைப் பாத்துத் தூரமாப் போயிக் கூப்பிடுன்னு ஆளை அனுப்பியிருக்காருல்ல? புத்தியோடதான் இருக்காரு. இப்ப எஞ்சினை நிறுத்தியிருப்பாரு. கூட வந்த டிரைவரைச் செகப்புத் துணியோட வண்டிகளை மறிக்க அனுப்பியிருப்பாரு. இவரு மொதல்ல அடுப்பைத் தேடிப் போயிருப்பாரு. அடுப்பு அணைஞ்சுதுன்னா, பொறகு காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, காத்து வர்ற பக்கமா ஜனங்களை ஒதுக்குவாரு. இப்ப அதைத்தான் பண்ணிட்டு இருப்பாரு. மீட்பு வண்டி வர்ற வரைக்கும் போனைத் தொட மாட்டாரு சாமி.”

அவர் சொல்லச் சொல்ல, நான் பார்க்காத அந்த ரோட்டில் என் வீட்டுக்காரர் நடப்பது எனக்குத் தெரிந்தது. இன்ன நேரத்தில் இன்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் மனசு எதையாவது பிடித்துக்கொள்கிறது. நடுவில் மேச்சேரிக்காரர் வந்தார், பம்பாய் லைன்காரர் வந்தார். ஆளாளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னார்கள். அவர்களுக்குள்ளேயே ‘இல்லைங்க, மொதல்ல இதைத்தான் செய்வாரு’ என்று வாக்குவாதம் வேறு. முதலாளி எங்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் என் கையை விடவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து என் போன் அடித்தது.

“நாந்தான் புள்ள. சோறு தின்னியா?”

போனைச் சேந்தமங்கலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, மேடத்தின் தோளில் சாய்ந்து அழுதேன். அவரும் அழுதுகொண்டிருந்தார். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தன் அறைக்குள் போனார்.

அடுத்த வகுப்பில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மேடம் கூப்பிடவில்லை, தானாகத்தான். எதிரே ஒரு புரோட்டாக் கடை, கல்லுக்கடியில் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது, கடைக்காரர் அணைக்க மாட்டேன் என்று சண்டைக்கு வந்தார், இவர் அண்டாத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினார், அவர் அடிக்கக் கை ஓங்கினார், அதற்குள் வாசம் அவர் மூக்குக்கே எட்டிவிட்டது, பிறகு அவரே முன்னால் நின்று ஜனங்களை ஒதுக்கினார். அந்தக் கடைக்காரர்தான் தூரமாகப் போய் ஆபீஸுக்குப் போன் செய்தவராம். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். என்னிடம் ‘ஒன்னுமில்ல’ என்கிற அதே வாய்தான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. கூடவே, இத்தனை பேச்சை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் என்று ஆத்திரமும் வந்தது.

முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். “அந்த நேரத்துல எதுப்பா உனக்கு ஞாபகத்துக்கு வந்துச்சு?” என்று கேட்டார்.

“ஞாபகமெல்லாம் இல்லீங்க. பக்கத்து சீட்டுல இவரு உக்காந்து, மொதல்ல அடுப்பு, மொதல்ல அடுப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சுங்க,” என்று சேந்தமங்கலத்துக்காரரைக் கையைக் காட்டினார். முதலாளி மேடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு போன் வீடியோ பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்த டிரைவர் ஒருவர், “பயமா இல்லீங்களாண்ணா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தடுமாறி மேடத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க,” என்றார் மேடம். கழுத்து திரும்பியது. வட்டம் வட்டமாகக் கடந்து, வாசல் வரைக்கும் வந்து, என்னிடம் நின்றது.

“அவங்களைக் கேளுங்க.”

கையெழுத்து வாங்குகிறவளுக்கு வகுப்பில் என்ன வேலை? ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், நாற்காலிகள்கூட என் பக்கம் திரும்பின. பேசினேன்.

“நீங்க போனை ஆஃப் பண்றீங்க, சரீங்க. ஆஃப் பண்ணினா என்ன அர்த்தமுன்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு யாருங்க சொன்னா? ஊட்ல இருக்கறவ அந்தக் குரலைக் கேட்டா நீங்க செத்துப் போயிட்டதாத்தான் நெனைப்பா. நல்லவேளை, எனக்குச் சேந்தமங்கலத்து அண்ணன் பக்கத்துல உக்காந்து சொன்னாரு. மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா? அவங்களையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. இதே மாதிரி உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லுங்க.”

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஹாலுக்கு வந்தார்கள். புருஷன் ஒரு வட்டத்தில், பெண்சாதி ஒரு வட்டத்தில். அவரவர் வீட்டுக்காரர் சொல்லாததை அடுத்த வீட்டுக்காரர் வாயால் கேட்டார்கள். அன்றைக்கு டீ நேரம் முடியவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. பம்பாய் லைன், மங்களூர் லைன் என்று எல்லாக் கம்பெனிகளிலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒன்று எங்கள் கம்பெனியைத் தவிர எங்கேயும் இல்லை என்று நான் மார்தட்டிச் சொல்வேன்.

மேடம் இப்போது எங்களிடம் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் ஆசிட் டேங்கர் ஓட்டுகிற ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். போகும்போது, இனிமேல் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று முதலாளி கேட்டார். அவர் ஹாலைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ட்ரிப் முடிந்து வந்தால் இப்போது வாயை மூடுவதில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மங்களூரிலிருந்து மோகனூர் வரைக்கும் ரோட்டை விரித்துவிடுகிறார். எனக்குத் தூக்கம் கெடுவதற்கு மேடத்தைத்தான் திட்ட வேண்டும்.

போன வாரம் ஆபீஸில் வேலையாக இருந்தபோது மேடம் போன் செய்தார். நலம் விசாரிப்பார் என்று பார்த்தால், எடுத்ததும் பின்னால் பெண்களின் சத்தம், டம்ளர் சத்தம்.

“நல்லா இருக்கீங்களா? இங்க டிரைவருங்க வீட்டுக்காரம்மாங்க எல்லாம் வந்திருக்காங்க. புதுசாக் கல்யாணமான ஒரு பொண்ணு, போன் ஆஃப்ல இருந்தா எப்படித் தாங்கிக்கறதுன்னு கேக்குது. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஸ்பீக்கர்ல போடறேன்,” என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நாமக்கல்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களைக் கேளுங்க.”

தூத்துக்குடிப் பக்கம் எந்த ஹாலிலோ, மேடத்தின் கழுத்து என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டேன்.

“கண்ணு, கேக்குதுங்களா?” என்றேன். “மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். பயம் போகாது. எனக்கும் இன்னும் போகலை.”